வாசகர் கேள்விகள்: அறுபதுகளில் தெருவுக்கு வந்த உலகம்

1960களின் போராட்டங்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தை இளைஞர்களின் கோபமாகவே பார்க்கின்றன. கோபம் எல்லாக் காலத்திலும் உண்டு. அந்தப் பத்தாண்டில் எப்படிப் பயிற்சி எடுத்தார்கள், எதைக் கேட்டார்கள், யாருடைய பணப்பெட்டியில் கை வைத்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதைத்தான் முக்கியமாகக் கருதுகிறோம். பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

பாரிஸ், டோக்கியோ, மெக்சிகோ, வார்சா என்று 1968இல் ஒரே நேரத்தில் எப்படிக் கிளம்பியது? யாராவது திட்டமிட்டார்களா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

யாரும் திட்டமிடவில்லை. அன்றைக்குப் பல அரசுகள் வெளிநாட்டுச் சதி என்றுதான் சொல்லின. ஆனால் அமெரிக்காவின் உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வே 1968இல் தன் அதிபருக்காகத் தயாரித்த அறிக்கையில், மாணவர்களை வெளியிலிருந்து யாரும் இயக்குவதாக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

பொதுவான காரணங்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிறந்த பெரும் தலைமுறை அப்போதுதான் கல்லூரி வயதை எட்டியது. பிரான்சில் 1960இல் சுமார் 2 லட்சமாக இருந்த உயர்கல்வி மாணவர் எண்ணிக்கை 1968இல் சுமார் 5 லட்சம். கட்டடமும் ஆசிரியர்களும் அந்த வேகத்தில் பெருகவில்லை. பாரிஸின் நெரிசலைக் குறைக்க 1964இல் திறக்கப்பட்ட நாந்தேர் வளாகம் குடிசைப் பகுதிகளை ஒட்டியே இருந்தது. வியட்நாமில் அமெரிக்கப் படை 1968இல் 5 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் போரை வீட்டுக்குள் தொலைக்காட்சி கொண்டுவந்தது.

ஆனால் பற்றவைத்த பொறி ஒவ்வொரு ஊரிலும் வேறு, அதுவும் மிகச் சிறியது. நாந்தேரில் மாணவிகள் விடுதிக்குள் மாணவர்கள் போகக் கூடாது என்ற விதி. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பயிற்சி மருத்துவர்களைச் சம்பளமில்லாமல் வேலை வாங்கும் முறை. வார்சாவில் போலந்துக் கவிஞர் மிக்கியேவிச்சின் நாடகம் ஒன்றுக்கு வந்த தடை. மெக்சிகோவில் இரண்டு பள்ளிகளின் மாணவர்களுக்குள் நடந்த தெருச்சண்டை. இவை உள்ளூரிலேயே தீர்ந்திருக்க வேண்டிய விவகாரங்கள். எல்லா இடத்திலும் அடுத்து நடந்தது மட்டும் ஒன்றுபோல இருந்தது. காவல்துறை வளாகத்துக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் அடித்தது. அதுவரை ஒதுங்கி நின்றவர்களும் மறுநாள் தெருவுக்கு வந்தார்கள். மூலகாரணம் எது என்று கேட்டால் மக்கள்தொகையையும் போரையும் சொல்வோம். இத்தனை பெரிதாக்கியது எது என்று கேட்டால் லத்தியைத்தான் சொல்ல முடியும்.

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் உணவகங்களில் உட்கார்ந்து போராடியதாகப் படித்திருக்கிறேன். வெறுமனே உட்கார்ந்தால் எப்படி வெற்றி கிடைக்கும்?
— பள்ளி ஆசிரியர், கும்பகோணம்

வெறுமனே உட்காரவில்லை. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் வுல்வொர்த் கடைக்குள் போனார்கள். முதலில் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களை வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். அதன்பிறகுதான் வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உணவுக் கவுன்டரில் உட்கார்ந்தார்கள். 'எங்களுக்கு விற்பதில்லை என்றால் இந்த ரசீது எப்படி வந்தது?' என்று கேட்பதற்காகத்தான் அந்த ரசீது. ஒரு வாரத்துக்குள் கூட்டம் நூற்றுக்கணக்காகிவிட்டது. ஜூலை 25 அன்று அந்தக் கவுன்டர் எல்லோருக்கும் திறந்தது.

முறையை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லுக்குப் போக வேண்டும். அங்கே பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். 1953 முதல் 1956 வரை நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியபடி காந்தியின் சத்தியாகிரக முறையைப் படித்தவர். தேவாலயத்தின் அடித்தளத்தில் நாற்காலிகளைக் கவுன்டர்போல வரிசையாகப் போடுவார்கள். சிலர் உட்கார, மற்றவர்கள் ரவுடிகளாக நடிப்பார்கள். திட்டுவது, முகத்தில் சிகரெட் புகையை ஊதுவது, தலையில் பானத்தைக் கொட்டுவது, நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவது எல்லாம் நடக்கும். கீழே விழுந்தால் உடம்பைச் சுருட்டித் தலையையும் வயிற்றையும் காப்பது எப்படி, ஒருவர் மட்டும் அடிவாங்கும்போது மற்றவர்கள் குறுக்கே போய் அடியைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்று திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். தன்னை அடக்க முடியாதவருக்குக் கவுன்டரில் இடம் கிடையாது.

போராட்டத்துக்குப் போகிறவர்கள் கையில் விதித்தாள் ஒன்று இருந்தது. திருப்பி அடிக்காதே, திட்டாதே. உரக்கச் சிரிக்காதே. கவுன்டரை நோக்கி நிமிர்ந்து உட்கார். கடை வாசலையும் நடைபாதையையும் மறிக்காதே. தலைவர் சொல்லாமல் எழுந்திருக்காதே. கேள்வி கேட்பவர்களை மரியாதையாகத் தலைவரிடம் அனுப்பு. உடுத்தியது ஞாயிற்றுக்கிழமை தேவாலய உடை, கையில் பாடப்புத்தகம்.

பிப்ரவரி 27 அன்று வெள்ளை இளைஞர்கள் அவர்களைத் தாக்கினார்கள். காவல்துறை கைது செய்தது உட்கார்ந்திருந்த மாணவர்களைத்தான், 81 பேரை. முதல் வரிசையைக் கொண்டுபோனதும் காத்திருந்த அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் அமர்ந்தது. அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். அபராதம் கட்டினால் அந்தப் பணம் நகராட்சிக்கே போகும், சிறைக்குப் போனால் செலவு நகராட்சிக்கு என்பது கணக்கு.

இத்தனைக்கும் கவுன்டர்கள் உடனே திறந்துவிடவில்லை. திறக்க வைத்தது ஈஸ்டர் புறக்கணிப்பு. எங்கள் தீபாவளித் துணிக்கடைக் கூட்டத்துக்கு ஈடான பருவம் அது. கறுப்பினக் குடும்பங்கள் நகரின் மையக் கடைகளில் எதையும் வாங்கவில்லை. கலவரத்துக்குப் பயந்து வெள்ளையரும் வருவதைக் குறைத்தார்கள். ஏப்ரல் 19 விடியற்காலையில் மாணவர்களின் வழக்கறிஞர் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் சத்தமில்லாமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். படியில் நின்ற மேயரிடம் டயேன் நாஷ் என்ற மாணவி, நிறத்தைப் பார்த்து ஒதுக்குவது தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்டார். மேயர் ஆமாம் என்றார். மே 10 அன்று ஆறு கடைகள் திறந்தன. அதுவும் முன்பே பேசி வைத்த நேரத்தில், இரண்டு மூன்று பேராக, ஊழியர்களுக்குச் சொல்லி வைத்து, ஆரவாரம் இல்லாமல்.

பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே தெரிந்தது. வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மவுத்தில் பள்ளி மாணவர்கள் ஏற்பாடில்லாமல் இறங்கியபோது கடைக்கு வெளியே அடிதடி ஆகிவிட்டது.

மார்ட்டின் லூதர் கிங் போன இடமெல்லாம் வெற்றிதானா?
— வாசகர், சிவகாசி

இல்லை. ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் 1961 டிசம்பர் முதல் 1962 கோடை வரை நடந்தது தோல்விதான். அதைப் படிப்பது வெற்றிகளைப் படிப்பதைவிடப் பயனுள்ளது.

அந்த ஊர்க் காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட் அகிம்சைப் போராட்டத்தைப் பற்றி முன்கூட்டியே படித்து வைத்திருந்தார். கேமராவுக்கு முன் யாரையும் அடிக்கக் கூடாது என்று தன் ஆட்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார். சுற்றுவட்ட மாவட்டங்களின் சிறைகளோடு பேசி வைத்து, கைதானவர்களைப் பிரித்து அனுப்பினார். சிறையை நிரப்பித் திணறவைக்கும் உத்தி அங்கே பலிக்கவில்லை. கிங்கைச் சிறையில் வைத்தால் செய்தியாகும் என்று தெரிந்து, பெயர் தெரியாத ஒருவர் அபராதம் கட்டியதாகச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். போராடியவர்கள் பக்கமும் பிழை இருந்தது. பேருந்து நிலையம், நூலகம், பூங்கா, வேலைவாய்ப்பு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அழுத்தம் கொடுத்ததும் நகர மன்றத்துக்கு. கறுப்பினத்தவர் ஓட்டை நம்பி இல்லாத மன்றம் அது, அசையவில்லை.

1963இல் பர்மிங்ஹாமில் இதைத் திருத்திக்கொண்டார்கள். குறி மையக் கடைவீதி, காலம் ஈஸ்டர் வியாபாரம், கோரிக்கைகள் கடைக்காரர்களால் கொடுக்கக்கூடியவை. மே 2 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். மறுநாள் காவல் ஆணையர் புல் கானர் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவிவிட்ட படங்கள் உலகமெங்கும் போயின. மே 10 அன்று உடன்பாடு வந்தது. குழந்தைகளை முன்னே அனுப்பியது சரிதானா என்று அன்றே கறுப்பினத் தலைவர்களுக்குள் கடும் வாக்குவாதம் நடந்தது. எங்களுக்கும் அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

1963 வாஷிங்டன் பேரணியில் 2.5 லட்சம் பேரை எப்படிச் சமாளித்தார்கள்?
— வாசகர், கோவை

பேயார்ட் ரஸ்டின் என்ற ஒருங்கிணைப்பாளரின் திறமை அது. 1948இலேயே இந்தியா வந்து காந்தியர்களைச் சந்தித்தவர். அவருக்குக் கிடைத்தது சுமார் எட்டு வாரம். இரண்டாயிரத்துக்கு மேல் பேருந்துகள், தனி ரயில்கள். ஒவ்வொரு பேருந்துக்கும் ஒரு பொறுப்பாளர். நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் தன்னார்வலர்கள் 80,000 உணவுப் பொட்டலம் கட்டினார்கள். ஆகஸ்ட் 28, கடும் வெயில் காலம், ஆகவே சீக்கிரம் கெட்டுப்போகாத உணவாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஒழுங்கைக் காத்தவர்கள் ஆயுதமில்லாத, விடுப்பில் வந்த கறுப்பினக் காவலர்கள். பேச்சு காதில் விழாவிட்டால் கூட்டம் கலையத் தொடங்கும் என்று ஒலிபெருக்கிக்கு ரஸ்டின் நிறையச் செலவு செய்தார். முந்தைய நாள் யாரோ அதைச் சேதப்படுத்த, இராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவு இரவோடு இரவாகச் சரிசெய்தது.

கோரிக்கைகளில் ஒன்று மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி. அந்தப் பேரணியின் பெயரிலேயே வேலையும் விடுதலையும் சேர்ந்திருந்தன. பாடப்புத்தகங்களில் இந்தக் கூலிக் கோரிக்கை விடுபட்டுப்போவது எங்களுக்கு வருத்தம்தான்.

ஹிப்பிகள்தான் போராட்டக்காரர்களா?
— வாசகர், சேலம்

பெரும்பாலும் இல்லை. இரண்டு தரப்பும் சில கூட்டங்களில் கலந்தன, அவ்வளவுதான். அமைப்பு நடத்தியவர்கள் தேவாலயங்களிலும் தொழிற்சங்கங்களிலும் மாணவர் சங்கங்களிலும் வேலை பழகியவர்கள்.

பாரிஸ் 1968 சுவரொட்டிகளைக் கண்காட்சியில் பார்த்தேன். அச்சகம் இல்லாமல் ஆயிரக்கணக்கில் எப்படி அச்சிட்டார்கள்?
— ஓவியக் கல்லூரி மாணவர், சென்னை

மே மாத நடுவில் மாணவர்கள் கைப்பற்றிய நுண்கலைப் பள்ளியில் மக்கள் பட்டறை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் சுவரொட்டியைக் கல்லச்சில் போட்டபோது சுமார் 30 பிரதிதான் எடுக்க முடிந்தது. பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங் தெரிந்தவர்கள் வந்து கற்றுக்கொடுக்க, எண்ணிக்கை ஒரு நாளைக்கு ஆயிரங்களுக்குப் போயிற்று.

முறை நம் ஊர்த் திருமணப் பத்திரிகைக் கடைகளில் இன்றும் காணக்கூடியதுதான். மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். மை இறங்கக் கூடாத இடங்களைப் பசையாலோ வார்னிஷாலோ அடைப்பார்கள். சட்டத்தைத் தாளின்மேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே அழுத்தத்தில் இழுத்தால் ஒரு பிரதி. துணி தொய்ந்தால் உருவம் இரட்டையாக விழும். மை நீர்த்தால் ஓரம் கசியும். சாப்பிடப் போகிற நேரத்தில் கழுவாமல் விட்டால் துணியின் கண்கள் அடைத்துக்கொண்டு சட்டமே வீணாகும். காயப்போட ஏராளமான இடம் வேண்டும், கொடி கட்டித் துணிபோல் தொங்கவிட வேண்டும். இரண்டாவது நிறம் போட முதல் நிறம் காயக் காத்திருக்க வேண்டும், அதனால்தான் அந்தச் சுவரொட்டிகள் பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கின்றன. கண்காட்சியில் நீங்கள் ரசித்த அந்த முரட்டு அழகு அவசரத்தில் பிறந்தது. தாள், வேலைநிறுத்தத்தில் இருந்த செய்தித்தாள் அச்சகங்களின் மிச்சச் சுருள்கள்.

வடிவமைப்பை முடிவு செய்யத் தினமும் கூட்டம் கூடும். கருத்து சரியா, படம் அந்தக் கருத்தைச் சொல்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் ஒப்புதல் கிடைத்தால்தான் அச்சு. யாரும் கையெழுத்திடவில்லை. ஜூன் 27 அன்று காவல்துறை பட்டறையைக் காலி செய்தது.

துண்டறிக்கைக்கு வேறு கருவி. உலகம் முழுக்க அந்தப் பத்தாண்டின் உண்மையான ஆயுதம் சைக்ளோஸ்டைல் இயந்திரம்தான். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் ஏற்றி, ரிப்பனை விலக்கிவிட்டு அடிக்க வேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகி மை ஊடுருவ வழி கிடைக்கும். ரொம்ப ஓங்கி அடித்தால் வட்டமான எழுத்துகளின் நடுப்பகுதி அறுந்து விழுந்து வெறும் மைப்பொட்டாகும். மெதுவாக அடித்தால் மங்கும். வழவழப்பான தாளில் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும், ஆகவே மை உறிஞ்சும் முரட்டுத் தாள்தான் ஏற்றது. மின்சாரம் தேவையில்லை, கைப்பிடியைச் சுற்றினால் போதும். கிழக்கு ஐரோப்பாவில் நகலெடுக்கும் இயந்திரங்களை அரசு பூட்டிக் கண்காணித்ததற்கு இந்த எளிமையே காரணம்.

மே 1968இல் பிரான்சின் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது என்ன?
— தொழிற்சங்க உறுப்பினர், ஆவடி

மாணவர்களைவிட அதிகம். மே 14 அன்று நான்ட் அருகே சுட்-அவியேசியோன் விமானத் தொழிற்சாலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றினார்கள். அடுத்து ரெனோ கார் ஆலைகள். சில நாட்களில் வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் 70 லட்சத்துக்குக் குறையாது. அரசும் முதலாளிகளும் சங்கங்களும் நடத்திய கிரெனெல் பேச்சுவார்த்தையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.22 பிராங்கிலிருந்து 3 பிராங்க் ஆனது, 35 சதவீத உயர்வு. மற்றச் சம்பளங்களுக்கு இரண்டு தவணையாக 10 சதவீதம். மே 27 அன்று ரெனோவின் பிலான்கூர் ஆலைத் தொழிலாளர்கள் இது போதாது என்று கூவி நிராகரித்தார்கள். ஆனாலும் ஜூன் மாதத்தில் ஆலை ஆலையாக வேலை தொடங்கியது.

உங்களுக்கு முக்கியமானது டிசம்பர் 27, 1968 சட்டம். ஆலைக்குள்ளேயே சங்கக் கிளை வைக்கவும், சந்தா வசூலிக்கவும், அறிவிப்பு ஒட்டவும் சட்டபூர்வமான உரிமை அதில்தான் வந்தது. கூலி உயர்வைச் சில ஆண்டுகளில் விலைவாசி தின்றுவிட்டது. கிளை வைக்கும் உரிமை நின்றது. ஜூன் தேர்தலில் அதிபர் தெகோலின் கட்சி பெரும் வெற்றி பெற்றதை வைத்து எல்லாம் வீண் என்று எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்தைப் படிப்பதில்லை.

மெக்சிகோவில் ஒலிம்பிக்கிற்கு முன் நடந்த படுகொலை பற்றிச் சொல்லுங்கள். 300 பேர் இறந்தார்கள் என்பது உண்மையா?
— வாசகி, புதுச்சேரி

முதலில் அவர்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் எண்ணிக்கை விவாதத்தில் அது மறைந்துவிடுகிறது. அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும். காவல்துறைத் தலைவர்களை நீக்க வேண்டும். கிரனதெரோஸ் என்ற கலவரத் தடுப்புப் படையைக் கலைக்க வேண்டும். 'சமூகச் சிதைவு' என்று யாரையும் உள்ளே தள்ள வழிசெய்த குற்றவியல் சட்டப் பிரிவு 145ஐ நீக்க வேண்டும். இறந்தவர், காயமடைந்தவர் குடும்பங்களுக்கு இழப்பீடு வேண்டும். அத்துமீறலுக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று தீர்மானிக்க வேண்டும். ஆறும் சட்டத்துக்கு உட்பட்டவை. பேச்சுவார்த்தை எல்லோர் முன்னிலையிலும் நடக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. மூடிய அறைக்குள் தலைவர்களை விலைபேசும் பழக்கம் அங்கே அத்தனை ஊறியிருந்தது.

ஒவ்வொரு பள்ளியும் கல்லூரியும் தேசிய வேலைநிறுத்தக் குழுவுக்குப் பிரதிநிதிகளை அனுப்பின. சிலரைக் கைது செய்தாலும் குழு நிற்காது என்பது பலம். முடிவெடுக்க மணிக்கணக்காகும் என்பது பலவீனம். சிறு சிறு குழுக்களாகப் பேருந்திலும் சந்தையிலும் ஏறி இறங்கித் துண்டறிக்கை கொடுத்துப் பேசுவதுதான் தினசரி வேலை. கலவரக்காரர்கள் என்ற பழிக்குப் பதிலாக செப்டம்பர் 13 அன்று பெரும் மௌன ஊர்வலம் நடத்தினார்கள், பலர் வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அக்டோபர் 2 மாலை, த்லாத்தெலோல்கோவில் முப்பண்பாட்டுச் சதுக்கத்தில் கூட்டம். ஹெலிகாப்டரிலிருந்து ஒளிக்குண்டுகள் விழுந்ததும் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. சாதாரண உடையில், அடையாளத்துக்காக இடது கையில் வெள்ளைக் கையுறையோ கைக்குட்டையோ அணிந்த, அரசின் ஒலிம்பியா படைப்பிரிவினர் கூட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். 300 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பிற்காலத்தில் அரசு ஆவணங்களைத் துருவிய ஆய்வு உறுதிசெய்தது 44 மரணங்களை, அதில் பத்துப் பேரின் பெயர் தெரியவில்லை. உறுதிசெய்ய முடிந்தது அவ்வளவு என்றுதான் இதற்குப் பொருள். பத்து நாள் கழித்து ஒலிம்பிக் தொடங்கியது.

அன்றைய உள்துறை அமைச்சர் லூயிஸ் எச்செவெரியா 1970இல் அதிபரானார். 2006இல் அவர்மீது இனப்படுகொலைக் குற்றம் சாட்டப்பட்டது, 2009இல் விடுவிக்கப்பட்டார். ஆனால் அந்த 145ஆம் பிரிவு 1970இல் நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது.

இந்தப் போராட்டங்கள் எங்காவது ஆட்சியைக் கவிழ்த்தனவா?
— வாசகர், நாகர்கோவில்

கவிழ்த்தன. ஜப்பானில் 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்துப் பெரும் போராட்டம். பிரதமர் கிஷி, எதிர்க்கட்சியினரைக் காவலர்களைக் கொண்டு தூக்கி அப்புறப்படுத்திவிட்டு நாடாளுமன்றத்தில் அதை நிறைவேற்றினார். ஜூன் 15 அன்று கன்பா மிச்சிகோ என்ற மாணவி மோதலில் இறந்தார். அமெரிக்க அதிபர் ஐசனோவரின் வருகை ரத்தானது, கிஷி பதவி விலகினார். ஒப்பந்தம் மட்டும் அப்படியே நடைமுறைக்கு வந்தது.

நமக்குப் பக்கத்திலேயே நடந்ததை நாம் மறந்துவிடுகிறோம். பாகிஸ்தானில் தளபதியாக இருந்து அதிபரான அயூப் கான் தன் ஆட்சியின் 'வளர்ச்சிப் பத்தாண்டை'க் கொண்டாடிக்கொண்டிருந்தார். ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய லண்டி கோத்தல் சந்தைக்குப் போய்ப் பொருள் வாங்கித் திரும்பிய மாணவர்களிடமிருந்து சுங்கத்துறை அவற்றைப் பறித்தது. அதை எதிர்த்த போராட்டத்தில் 1968 நவம்பர் 7 அன்று ராவல்பிண்டியில் மாணவர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். ஏற்கெனவே சர்க்கரை விலை ஏறிக்கிடந்தது. தீ நாடு முழுக்கப் பரவியது. கிழக்கு வங்காளத்தில் மாணவர்கள் 11 கோரிக்கைகளோடு இறங்கினார்கள், 1969 ஜனவரி 20 அன்று டாக்காவில் அசாதுஸ்ஸமான் என்ற மாணவர் தலைவர் கொல்லப்பட்டார். பிப்ரவரி 22 அன்று கிழக்கு வங்காளத் தலைவர் முஜிபுர் ரஹ்மான் மீதான அகர்தலா சதி வழக்கு திரும்பப் பெறப்பட்டது. மார்ச் 25 அன்று அயூப் விலகினார். ஆனால் ஆட்சியை வாங்கிக்கொண்டவர் இன்னொரு தளபதி, யாஹ்யா கான். 1970 தேர்தலும் 1971இல் வங்காளதேசம் பிறந்ததும் இதன் தொடர்ச்சி. அறுபதுகளின் மாணவர் எழுச்சிகளில் வரைபடத்தையே மாற்றியது இதுதான் என்பது எங்கள் கருத்து. ஆனாலும் பாரிஸுக்குக் கிடைத்த பக்கங்களில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை இந்த உலக அலையில் சேர்க்கலாமா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொள்ளாச்சி

பாரிஸைப் பார்த்து இங்கே யாரும் கிளம்பவில்லை. காலத்தால் நாம் முந்தியவர்கள். 1938 முதல் தொடரும் சொந்த வரலாறு அது. பொறியும் அரசியல் சட்டத்திலேயே இருந்தது. ஆங்கிலம் ஆட்சிமொழியாகத் தொடர 343ஆம் பிரிவு கொடுத்த 15 ஆண்டு அவகாசம் 1965 ஜனவரி 26 அன்று முடிந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1964 ஜனவரி 25 அன்று, திருச்சியில் சின்னசாமி தீக்குளித்திருந்தார்.

ஆனால் உள்ளமைப்பில் ஒற்றுமை உண்டு. போருக்குப் பிந்தைய கல்லூரிப் பெருக்கம் இங்கும் நடந்தது. வேலைவாய்ப்புத் தேர்வு எந்த மொழியில் என்ற கேள்வி அந்த மாணவர்களின் வயிற்றைத் தொட்டது. கட்சிகளைத் தாண்டி மாணவர் குழுக்கள் நடத்தின. துப்பாக்கிச் சூடு அதைப் பரப்பியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் இறந்ததும் உங்கள் பொள்ளாச்சியில் நடந்ததும் அப்படித்தான். அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் இறந்தார்கள். கோரிக்கை தெளிவாக இருந்ததால் பலனும் அளக்கக்கூடியது. பிப்ரவரி 11 அன்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதி கொடுத்தார். அது 1967இன் ஆட்சிமொழித் திருத்தச் சட்டமாயிற்று. 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானித்தது.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாஷ்வில்லுக்கு ஓராண்டு கழித்து, 1961 பிப்ரவரி 20 அன்று, இலங்கையில் தந்தை செல்வாவின் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரசு அலுவலகம்) வாசலில் சத்தியாகிரகம் தொடங்கியது. மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியாவுக்கும் பரவியது. ஏப்ரல் 14 அன்று சொந்தமாக அஞ்சல் சேவை நடத்தினார்கள். மூன்று நாளில் அவசரநிலை, இராணுவம், தலைவர்கள் கைது. ஒழுக்கத்தில் அது நாஷ்வில்லுக்குக் குறைந்ததல்ல. நாஷ்வில் கடைக்காரருக்குக் கறுப்பின வாடிக்கையாளர் தேவைப்பட்டார். கொழும்பு அரசுக்குத் தமிழர் வாக்குத் தேவைப்படவில்லை.

பெண்கள் உள்ளாடைகளை எரித்தார்களாமே?
— வாசகி, தஞ்சாவூர்

எரிக்கவில்லை. 1968 செப்டம்பர் 7 அன்று அட்லாண்டிக் சிட்டி அழகிப் போட்டிக்கு வெளியே ஒரு குப்பைத்தொட்டி வைத்து, குதிகால் செருப்பு, இடுப்புப் பட்டி, உள்ளாடை, பெண்கள் பத்திரிகைகள், தரை துடைக்கும் துடைப்பம் ஆகியவற்றைப் போட்டார்கள். நெருப்பு வைக்கவில்லை. வியட்நாம் போரை எதிர்த்துத் தங்கள் கட்டாயப் படைச்சேர்ப்பு அட்டையை எரித்தவர்களோடு ஒப்பிட்டு எழுதிய செய்திதான் கதையாகிவிட்டது. இந்தக் கோபம் வளர்ந்ததற்குப் போராட்ட இயக்கங்களே ஒரு காரணம். டைப் அடிப்பதும் தேநீர் போடுவதும் பெண்கள், மேடை ஆண்களுக்கு. அதே மாதம் பிராங்பர்ட்டில், பெண்கள் தரப்புப் பேச்சை விவாதிக்காமல் கடந்துபோக முயன்ற சோசலிச மாணவர் சங்க மேடைமீது ஒரு மாணவி தக்காளியை வீசினார். ஜெர்மனியின் பெண்கள் இயக்க வரலாறு அந்தத் தக்காளியிலிருந்துதான் எழுதப்படுகிறது.

இதில் இன்றும் மிஞ்சியிருப்பது என்ன?
— வாசகர், மதுரை

உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. 1966இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கறுஞ்சிறுத்தைகள் கட்சி தொடங்கியது. அதைப் பார்த்து 1972இல் மும்பையில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் போன்றவர்கள் தலித் பேந்தர்ஸ் அமைப்பைக் கட்டினார்கள். அதன் தமிழகக் கிளையை 1982இல் மதுரையில் மலைச்சாமி நடத்தினார். அவர் மறைவுக்குப் பின் 1990இல் திருமாவளவன் பொறுப்பேற்க, அது விடுதலைச் சிறுத்தைகளாக வளர்ந்தது. நாடு, மொழி, சமூகம் எல்லாம் மாறியும் அறுபதுகளின் ஒரு கிளை இத்தனை தெளிவாகத் தொடர்வது அபூர்வம்.

இன்னொரு பாதையும் இருக்கிறது. 1965 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வகுப்பைப் புறக்கணிப்பதற்குப் பதிலாக இரவு முழுவதும் வியட்நாம் பற்றி வகுப்பு எடுத்தார்கள். சுமார் 3,000 பேர் வந்தார்கள். அதே வடிவத்தைச் சுற்றுச்சூழலுக்கு எடுத்துக்கொண்டதுதான் 1970 ஏப்ரல் 22 அன்று நடந்த முதல் புவி நாள்.

மோசமான மிச்சமும் உண்டு. எழுச்சி அடங்கியபின் மக்கள் ஆதரவு இல்லாத சிறு குழுக்கள் துப்பாக்கியை எடுத்தன. ஜப்பானில் ஐக்கிய செம்படை 1971-72 குளிர்காலத்தில் மலை முகாம்களில் தன் சொந்தத் தோழர்கள் 12 பேரையே 'சுயவிமர்சனம்' என்ற பெயரில் கொன்றது. வெளியில் பொறுப்புச் சொல்ல ஆள் இல்லாத, தனிமைப்பட்ட குழுவுக்கு நேர்வது அது. 'போராட்டம் தீவிரமானது' என்று அதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

என் தாத்தா 1965இல் மாணவராகக் கலந்துகொண்டவர். அவர் நினைவுகளைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

தாமதிக்காதீர்கள். கைப்பேசியே போதும். விமானப் பயன்முறையில் போட்டு, ஒரு முழத் தூரத்தில் மடித்த துணியின்மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

தேதியைக் கேட்காதீர்கள், பொங்கலுக்கு எத்தனை நாள் கழித்து, அப்போது எந்த வகுப்பு, விடுதியை மூடியபின்பா முன்பா என்று கேளுங்கள். 'ஏன் போராடினீர்கள்' என்று தொடங்கினால் மேடைப் பேச்சு வரும். அன்று காலை யார் வந்து கூப்பிட்டார்கள், துண்டறிக்கையை எங்கே அடித்தார்கள், செலவுக்குப் பணம் யார் கொடுத்தது, ஊர்வலம் எந்தத் தெருவில் திரும்பியது என்று கேளுங்கள். பிறர்மீது சொல்லும் குற்றச்சாட்டை அவர் அனுமதியோடு மட்டும் பகிருங்கள். அவர் சொல்வதை அந்த நாட்களின் செய்தித்தாள்களோடு ஒப்பிட, சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன.

பழைய துண்டறிக்கை, அடையாள அட்டை ஏதாவது கிடைத்தால் லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் பழைய தாளைக் காலப்போக்கில் அரித்துவிடும். நிழலில், பகல் வெளிச்சத்தில், இரண்டு பக்கத்தையும் படமெடுங்கள். மடிப்பை விரித்து, அமிலமில்லாத தாளுக்கு நடுவில் வைத்து, காற்றோட்டமுள்ள அலமாரியில் படுக்கையாக வையுங்கள். ஒலிப்பதிவின் ஒரு நகலை வேறொரு வீட்டில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.